மலிவு வாடகை ஸ்டுடியோ: ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு பெட்ரூம் வீட்டுக்கே வருமானத்தில் பாதி போய்விடுகிறது. அந்த வீட்டில் ஆறடி கேன்வாஸை எங்கே சாய்த்து வைப்பது? பெயிண்ட் கரைக்கும் டர்பன்டைன் வாடை மாடிக்குப் போனால் வீட்டுக்காரர் இறங்கி வந்துவிடுவார். அதனால்தான் கிரீம்ஸ் சாலையில் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். 1978 முதல் இருக்கிற இடம். ஓவியம், சிற்பம், கிராபிக்ஸ் எனப்படும் அச்சோவியம், செராமிக் எதுவானாலும் சிறு கட்டணம் கட்டி வேலை செய்யலாம். டெல்லியில் இதே அகாதெமிக்குக் கர்ஹி ஸ்டுடியோ உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் நானும் கூட இருந்தவர்களும் செய்த தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் தவறு விண்ணப்பத்திலேயே நடக்கிறது. பக்கம் பக்கமாக வாடகைக் கஷ்டத்தை எழுதுவோம். விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் அதே கஷ்டம்தான். தேர்வு செய்கிறவர்கள் தேடுவது வேறு: வந்து என்ன செய்யப் போகிறாய்? "ஆறு மாதத்தில் பன்னிரண்டு எட்சிங், இந்த அளவுத் தகடு, அதற்குப் பெரிய பிரஸ் வேண்டும்" என்று எழுதினால் மனுவுக்கு உயிர் வந்துவிடும். (எட்சிங் என்றால் உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து, பிரஸ்ஸில் ஓட்டிக் காகிதத்தில் அச்செடுப்பது.) படங்களைக் கண்ணாடி ஃபிரேமோடு டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். ஓவியத்தைவிட டியூப்லைட்தான் நன்றாகத் தெரியும்.

அடுத்தது கணக்கு. கட்டணம் குறைவுதான். ஆனால் பஸ், மதியச் சாப்பாடு, பெயிண்ட், ஃபிரேம் எதுவும் குறையாது. பெரிய கேன்வாஸை ஆட்டோவில் ஏற்ற முடியாது, குட்டி யானைதான் பிடிக்க வேண்டும். போகவர இரண்டு முறை பிடித்தால் அந்த மாதம் மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே கரைந்துவிடும். கேன்வாஸுக்கு மரச்சட்டம் அடிக்கும் முன் ஸ்டுடியோவின் கதவையும் மாடிப்படித் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். உள்ளேயே அடித்து உள்ளேயே முடித்த படத்தை வெளியே எடுக்க முடியாமல், சட்டத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனவர் உண்டு. இடம் கிடைத்த ஜோரில் ட்ராயிங் டீச்சர் வேலையை விட்டவர்களும் உண்டு. அதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பொதுக் கருவிகளைக் கையாள்வதில்தான் சண்டைகள் அதிகம். நான் முதல்முதலில் பிரஸ்ஸில் ஓட்டிய துத்தநாகத் தகட்டின் ஓரத்தை அரம் போட்டுச் சரிவாக்கவில்லை. கூர் ஓரம் காகிதத்தைக் கிழித்து, மேலே இருந்த ஃபெல்ட் என்ற கம்பளித் துணியிலும் கோடு இழுத்துவிட்டது. என் பிரிண்ட் போனால் என் பாடு. ஃபெல்ட் எல்லோருக்கும் பொது. அடுத்த சில வாரங்களுக்கு யார் பிரிண்ட் எடுத்தாலும் அந்தக் கோடு விழுந்தது. யாரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை. மண் பாத்திரம் சுடும் சூளையான கில்னில் இது இன்னும் மோசம். உள்ளே ஈரம் போகாத மண்ணைச் சூட்டில் வைத்தால் வெடிக்கும். சில்லு பறந்துபோய்ப் பக்கத்துப் பானையின் கிளேஸில், அதாவது கண்ணாடிப் பூச்சில், ஒட்டிக்கொள்ளும், அது வேறொருவரின் ஒரு மாத உழைப்பு. அடிப்பாகத்துக் கிளேஸைத் துடைக்காமல் வைத்தால் பாத்திரம் ஷெல்ஃபோடு சேர்ந்துவிடும். அமிலம் கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. தெரியாவிட்டால் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

ஸ்டுடியோவைக் குடோனாக்குவது இன்னொன்று. பழைய படங்களை அடுக்கிவிட்டு மாதம் இரண்டு நாள் எட்டிப் பார்ப்பவரின் மூலைக்காக வெளியே ஒருவர் காத்திருக்கிறார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ரகசியமாக ஸ்டுடியோவிலேயே படுத்துக்கொள்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் வேண்டாம். டர்பன்டைன் நனைந்த துணி கிடக்கிற அறையில் இரவெல்லாம் மூச்சுவிடுவது உடம்புக்கு ஆகாது. பிடிபட்டால் அன்றோடு வீடும் இல்லை, ஸ்டுடியோவும் இல்லை.

இடம் நிரந்தரம் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சென்னைக்குப் பக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் காட்டி, "அவர்கள் அறுபது வருஷமாக இல்லையா?" என்பார்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் மெழுகுச் சாயம் போட்ட பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலத்தையே வாங்கினார்கள். நமக்குக் கிடைத்திருப்பது கெடு போட்ட அனுமதி. லண்டனில் 1968இல் ஓவியர்கள் பிரிட்ஜெட் ரைலியும் பீட்டர் செட்ஜ்லியும் ஸ்பேஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, செயின்ட் கேத்தரின் துறைமுகத்தின் காலிக் கிடங்குகளில் ஸ்டுடியோக்கள் அமைத்தார்கள். அந்த இடத்தில் புதுக் கட்டடங்கள் வரவிருந்ததால் சில ஆண்டுகளிலேயே வெளியேற வேண்டி வந்தது. அமைப்பு வேறு இடங்களைத் தேடிக்கொண்டு பிழைத்தது.

கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அடுத்த இடத்துக்கு மனு போடுங்கள். காகிதத்தில் செய்த படங்களை ஒவ்வொன்றாக நியூஸ்பேப்பரில் சுற்றாதீர்கள், மை ஒட்டும், மஞ்சளும் அடிக்கும். நடுவே அமிலமில்லாத டிஷ்யூ தாள் வைத்து, தட்டையாக, தரையில் படாமல் அடுக்குங்கள். டிசம்பர் மழையில் முதலில் நனைவது தரையில் இருப்பதுதான்.