ப்ளஸ் என்ன, மைனஸ் என்ன? சான்ஸ் தேடும் இளம் நடிகைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலிகிராமத்தில் ஒரு மாடி வீட்டு அலுவலகம். ஆடிஷனுக்கு வந்த பெண்ணிடம் இயக்குநர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "உங்க ப்ளஸ் என்ன, மைனஸ் என்ன?" திருச்சிப் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தவள் அவள். பதிலைத் தயாராக வைத்திருந்தாள். "கஷ்டப்பட்டு உழைப்பேன் சார், அது ப்ளஸ். யாரையும் சீக்கிரம் நம்பிடுவேன், அது மைனஸ்."

நான் அப்போது அந்தப் படத்தில் உதவி இயக்குநர். அதே வாரத்தில் அதே பதிலை வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஆடிஷன்களில் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று எதிர் வசனம் படித்துக் கொடுத்திருக்கிறேன். பார்த்த வரையில் எனக்குத் தெரிந்தது இதுதான்: நடிக்க வரும் பெண்ணின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் ஒரே குணம்தான். காமிராவுக்கு முன்னால் அவளுக்குச் சோறு போடுகிற குணமே, காமிராவை விட்டு நகர்ந்ததும் அவள் கையைக் கடிக்கிறது. சீக்கிரம் நம்புகிறவள் எதிரே நிற்பவர் சொல்லும் வசனத்தையும் நம்புவாள். அதனால்தான் அவள் முகத்தில் பொய் தெரிவதில்லை. அதே நம்பிக்கையோடு, வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு போலி கோ-ஆர்டினேட்டரிடம் பத்தாயிரம் ரூபாயும் கொடுத்துவிடுவாள்.

ஆகவே முதல் தவறு, குறையைக் களைகிறேன் என்று குணத்தையே களைந்துவிடுவது. கூச்ச சுபாவம் உள்ள ஒரு பெண் யாரோ சொன்னார்கள் என்று பயிற்சிக்குப் போய், மூன்று மாதத்தில் விமானப் பணிப்பெண் போலச் சிரித்துக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். முன்பு அவள் தலையைத் தூக்கிப் பார்க்கும் ஒரு பார்வைக்காகவே இயக்குநர் அவள் போட்டோவை எடுத்து வைத்திருந்தார். அந்தப் பார்வை போய்விட்டது. கூச்சத்தை வாசலில் விட்டுவிட்டு வரக் கற்றுக்கொண்டால் போதும், அதை மொத்தமாகத் தொலைக்க வேண்டியதில்லை.

"எல்லாம் வரும் சார்"

ஆர்வம் நல்ல குணம். ஆனால் ஆர்வத்தில் வருகிற பொய் படப்பிடிப்பில்தான் வெடிக்கும். நீச்சல் தெரியுமா? தெரியும். புல்லட் ஓட்டுவீர்களா? ஓட்டுவேன். மதுரைத் தமிழ் வருமா? வரும். ஒரு பெண் ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும் என்று சொல்லி வந்தாள். காலை ஒன்பது மணி கால்ஷீட், லைட் போட்டாயிற்று, தெருவை மறித்தாயிற்று. அப்புறம்தான் அவளுக்கு பேலன்ஸே வராது என்று தெரிந்தது. டூப் தேடி, ஷாட்டை மாற்றி, மத்தியானம் ஆகிவிட்டது. அன்றைய தினம் அவள் நன்றாகவே நடித்தாள். ஆனால் யூனிட் ஞாபகம் வைத்துக்கொண்டது ஸ்கூட்டரைத்தான்.

"இப்போ தெரியாது, பத்து நாள் குடுத்தா கத்துக்கறேன்" என்று சொல்கிறவளை யாரும் அதற்காகவே ஒதுக்கிப் பார்த்ததில்லை. பத்து நாள் எதற்கு என்று கேட்பார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் படம் தொடங்கவே இரண்டு மாதம் இருக்கும்.

பரவசமும் ஒன்மோரும்

சாவித்திரியைப் பற்றி இந்தப் பெண்களிடம் அடிக்கடி சொல்வேன். 1950-ல் வந்த 'சம்சாரம்' தெலுங்குப் படத்தில் அவருக்கு முக்கிய வேடம் கிடைத்தது. வாய்ப்பு கிடைத்த பரவசத்தில் டேக் மேல் டேக் ஆனதால் அந்த வேடம் கைமாறியது. அவருக்குச் சின்ன வேடம்தான் மிஞ்சியது. அடுத்த வருடம் 'பாதாள பைரவி'யிலும் சின்ன இடம்தான். 1953-ல் 'தேவதாஸ்' வந்தது. பார்வதியாக அவரைப் பார்த்தவர்கள், இதே பெண் மூன்று வருடத்துக்கு முன் ஷாட்டை முடிக்கத் திணறினார் என்றால் நம்பியிருக்க மாட்டார்கள்.

உணர்ச்சி உடனே பொங்கும் மனம் நடிகைக்குப் பெரிய வரம். சாவித்திரியிடம் அது கடைசி வரை இருந்தது. நடுவில் அவர் கற்றுக்கொண்டது அதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைத்தான் என்று நான் நினைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அதை "ஆக்‌ஷன்" சொல்வதற்கு அரை மணி நேரம் முன்பே திறந்துவிடுகிறார்கள். மேக்கப் போடும்போதே அழுகிற காட்சியை நினைத்து அழுது, ஷாட் வரும்போது கண் வறண்டுபோகிறது.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு பழக்கம் உண்டு. "கட்" சொன்ன அடுத்த நொடியே இயக்குநர் முகத்தைப் பார்ப்பது. அவர் மானிட்டரில் பின்னால் நடந்துபோன ஆளைப் பார்த்து முகம் சுளித்திருப்பார். இந்தப் பெண் அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வாள். "சாரி சார், சாரி சார்" தொடங்கும். அதே ஷாட்டை மறுபடி எடுக்கும் நான்காவது ஒன்மோரில் வசனம் மறந்துபோகும். ஒன்மோர் என்பதற்கு நூறு காரணம் இருக்கும்: ஃபோகஸ் போயிருக்கலாம், விமானச் சத்தம் மைக்கில் விழுந்திருக்கலாம், துப்பட்டா முந்தின ஷாட்டில் இடது தோளில் இருந்திருக்கலாம். உங்களால் ஆனது என்றால் வந்து சொல்வார்கள். சொல்லும்வரை உங்களுக்குக் குறித்துக் கொடுத்த இடத்தில் நின்று, ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். மன்னிப்பு கேட்கும் நேரத்தில் அடுத்த டேக்குக்கான முதல் சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம்.

மரியாதை எங்கே, மறுப்பு எங்கே

1955-ல் வந்த 'மிஸ்ஸம்மா' தெலுங்குப் படம் எடுக்கப்பட்ட கதை சினிமாவில் எல்லோருக்கும் தெரியும். கதாநாயகியாக முதலில் நடித்தவர் பானுமதி. வரலட்சுமி விரத பூஜையால் ஒருநாள் படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார், தயாரிப்பாளர் தரப்பு மன்னிப்புக் கடிதம் கேட்டது, பானுமதி மறுத்தார், படத்தை விட்டு விலகினார். இரண்டாவது வேடத்தில் இருந்த சாவித்திரி அந்த இடத்துக்கு வந்தார். தமிழில் 'மிஸ்ஸியம்மா' என்று வந்ததும் அதே கதைதான்.

இதைக் கேட்கிற இளம் பெண்களில் பாதிப் பேருக்கு பானுமதியைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் அன்றைக்கே பாடகி, இயக்குநர், கணவரோடு சேர்ந்து பரணி ஸ்டூடியோவை நடத்தியவர். 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கிவிட்டு வந்து நின்றவர். அந்தப் பிடிவாதத்துக்குக் கீழே அத்தனை பெரிய தரை இருந்தது. முதல் படத்திலேயே கேரவன் தரவில்லை, நாற்காலி தரவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தத் தரை இல்லை. என் மனதுக்கு வருத்தமான விஷயம் வேறு: நாற்காலிக்குச் சண்டை போடுகிற அதே பெண், நிஜமாகச் சண்டை போட வேண்டிய இடத்தில் வாயைத் திறப்பதில்லை.

அந்த இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். வாய்ப்புக்கு விலையாக உடலைக் கேட்பதற்கு "அட்ஜஸ்ட்மென்ட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய கேரள அரசு 2017-ல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, மலையாள சினிமாவில் பெண்களுக்குப் பழகிப்போன இரண்டு சொற்களாக "காம்ப்ரமைஸ்", "அட்ஜஸ்ட்மென்ட்" ஆகியவற்றை அது குறிப்பிட்டது. கோடம்பாக்கத்திலும் அவை தெரியாத சொற்கள் இல்லை.

நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை "பெரியவங்க மனசு கோணாம பேசு" என்று வளர்க்கிறோம். அந்தப் பணிவு அழகான குணம். செட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு "கதை டிஸ்கஷன்" என்று ஹோட்டல் அறைக்கு அழைப்பு வரும்போது அந்தப் பணிவு தொண்டையை அடைத்துவிடும். மறுத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று அந்த நேரத்திலும் யோசித்ததாக ஒரு பெண் என்னிடம் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கச்சி, அந்த நேரத்தில் மரியாதை வேண்டாம். "பகல்ல ஆபீஸ்லயே பேசலாம் சார், அம்மாவும் வருவாங்க" என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழகி வைத்துக்கொள். பயப்படும்போது புதிதாகச் சொல் வராது. பழகிய சொல்தான் வரும்.

சட்டமும் உன் பக்கம் இருக்கிறது. வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ம் வருடச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடமாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க முடியும். உடனடி உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. வந்த மெசேஜ்களை வெட்கத்தில் அழித்துவிடாதே. அதுதான் ஆதாரம்.

பணம் கேட்கிறவர்களைப் பற்றி ஒரே வரி போதும். ஆடிஷனுக்கும் ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் நேர்மையான எந்தத் தயாரிப்பு நிறுவனமும் நடிகையிடம் காசு வாங்காது.

"ஹீரோயின்னா மட்டும்தான்"

பிடிவாதம் இல்லாமல் இந்தத் தொழிலில் ஒரு வருடம்கூடத் தாங்க முடியாது. அதே பிடிவாதம் வேடத்தின் பெயர் மேல் போய் உட்கார்ந்துகொண்டால் வழி அடைத்துவிடும். பள்ளத்தூரில் வளர்ந்து நாடக மேடைகளில் நடித்துக்கொண்டிருந்த மனோரமாவுக்கு 1958-ல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'யில் கிடைத்தது நகைச்சுவை வேடம். அவர் அதை ஏற்றார். ஆயிரம் படங்களைத் தாண்டி நடித்தார்.

நம் காலத்திலும் ஆள் இருக்கிறார். ஐஸ்வர்யா ராஜேஷ் சின்னத்திரையில் தொகுப்பாளராக இருந்து வந்தவர். நிறத்தைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்டதையும், காமெடி நடிகருக்கு ஜோடியாக வேண்டுமானால் தருகிறேன் என்று ஒரு இயக்குநர் சொன்னதையும் அவரே மேடையில் பேசியிருக்கிறார். 2015-ல் 'காக்கா முட்டை'யில் இரண்டு பையன்களுக்கு அம்மாவாக நடித்தபோது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில்தான். "அம்மா வேஷம் போட்டா அதோட முடிஞ்சது" என்று பயமுறுத்தும் குரல்கள் இங்கே எப்போதும் உண்டு. அந்தப் படத்துக்குப் பிறகுதான் அவரைச் சுற்றியே கதைகள் எழுதப்பட்டன.

எந்த வேடத்துக்கும் தலையாட்டு என்று நான் சொல்லவில்லை. வேடத்தைக் கேட்கும்போது "நான் ஹீரோயினா?" என்பதற்கு முன் "இந்தப் பொண்ணு படத்துல என்ன பண்றா?" என்று கேளுங்கள். ஒன்றுமே பண்ணவில்லை என்றால் தாராளமாக மறுங்கள்.

நிராகரிப்பை முகத்தில் பூசிக்கொள்வது

தேர்வாகாததற்குக் காரணம் பல சமயம் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாதது. கதாநாயகனைவிட இரண்டு அங்குலம் உயரமாக இருப்பீர்கள். ஏற்கெனவே தேர்வான தங்கை வேடத்துப் பெண்ணின் சாயல் உங்களிடம் இருக்கும். தயாரிப்பாளர் வேறு ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருப்பார். இவை எதையும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். போன் வராது, அவ்வளவுதான். அந்த மௌனத்துக்குத் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, மறுநாள் வெள்ளையாக்கும் கிரீம் வாங்குகிறவர்களையும், பட்டினி கிடந்து மயங்கி விழுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எதையும் ஆழமாக எடுத்துக்கொள்ளும் குணம் நடிப்புக்குத் தேவை. ஆனால் அதற்கு வடிகால் வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் சென்னையில் இருப்பதாகச் சொல்லும் பெண்களைப் பார்த்தால் எனக்கு இதனால்தான் அதிகம் பயம். உண்மையைச் சொல்லிக்கொள்ள ஒரு ஆளாவது இருக்க வேண்டும். அண்ணனோ, ஹாஸ்டல் தோழியோ.

கையில் இன்னொரு வேலையும் இருக்க வேண்டும். டப்பிங், நிகழ்ச்சித் தொகுப்பு, சீரியல், டியூஷன், எதுவானாலும் சரி. அடுத்த மாத வாடகை இருக்கிறவளின் "வேண்டாம் சார்" உறுதியாக இருக்கும். இடைவெளியில் மேடைக்குப் போங்கள். நா. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதி, விமல் போன்றவர்கள் வந்தார்கள். அங்கே கணக்கு பார்த்த விஜய் சேதுபதி, நடிகர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றவர்.

அந்த திருச்சிப் பெண்ணைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் படம் அவளுக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு சீரியலில் கதாநாயகியின் அண்ணியாக மாதம் பத்துப் பன்னிரண்டு நாள் வேலை. மற்ற நாட்களில் ஆடிஷன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள். தேதி, இடம், என்ன வேடம், என்ன செய்யச் சொன்னார்கள், எங்கே பதறினேன் என்று ஒவ்வொரு ஆடிஷனுக்கும் அரைப் பக்கம். போன வாரம் காட்டினாள். முப்பத்தொன்றில் ஐந்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "மறுபடி கூப்ட்டாங்க" என்று எழுதியிருந்தது. "அந்த அஞ்சுலயும் நான் ப்ளஸ் மைனஸ் எதுவும் சொல்லலை அக்கா, ராத்திரி பஸ்ல வந்த கதையைத்தான் சொன்னேன்" என்றாள். வியாழக்கிழமை வளசரவாக்கத்தில் அடுத்தது. டீச்சர் வேடமாம். என்னிடம் கேட்டு ஒரு காட்டன் புடவை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.