ஹாட் ராடுக்கு ஃபிரேம்: எதை எடுப்பது, எப்படி நேராகக் கட்டுவது

ஹாட் ராடு என்பது பழைய காரை எடுத்து நம் விருப்பப்படி மாற்றிக் கட்டும் வண்டி. ஃபிரேம் அதன் அடியில் எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டகம். என் முதல் ஃபிரேமின் வெல்டிங்கை முடித்துக் கவ்விகளைக் கழற்றியபோது, ஒரு பக்கச் சட்டம் வில்லாக வளைந்து நின்றது. நடுவில் 9 மி.மீ. வெளியே தள்ளியிருந்தது. அதை வெட்டிப் பிரித்து மறுபடி கட்ட இரண்டு மாதம் ஆயிற்று. அடுத்துக் கட்டிய ஃபிரேம் 1 மி.மீ.க்குள் நேராக வந்தது. இரண்டுக்கும் இடையில் நான் மாற்றிக்கொண்ட வேலைமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வெல்டிங் ஓரளவு கைவந்தவர்களுக்கான விளக்கம் இது. இதுவரை வெல்டிங் பிடித்ததே இல்லை என்றால், முதலில் கழிவு இரும்புத் துண்டுகளை ஒட்டி, அவற்றை அறுத்து உள்ளே எவ்வளவு ஆழம் உருகியிருக்கிறது என்று பார்த்துப் பழகுங்கள். வண்டியில் போகிறவர்களின் உயிர் இந்த ஒட்டுகளில்தான் இருக்கிறது.

எந்த ஃபிரேம்?

மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய ஒரிஜினல் ஃபிரேமைச் சரிசெய்வது, அதே அச்சில் புதிதாகச் செய்து விற்கும் ஃபிரேமை வாங்குவது, செவ்வகக் குழாயில் நாமே கட்டுவது.

ஒரிஜினலில் ஆசை இருந்தால் ஃபோர்டு வண்டிகளின் அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முன் ஆக்ஸிலுக்கும் (இரு சக்கரங்களையும் தாங்கும் அச்சுத்தண்டு) பின் ஆக்ஸிலுக்கும் இடையே மாடல் டி-யில் 100 அங்குலம், 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ-யில் 103.5 அங்குலம், 1932 மாடலில் 106 அங்குலம். 1932 ஃபிரேமை எல்லோரும் தேடுவதற்குக் காரணம் உண்டு. அதன் பக்கச் சட்டம் பாடிக்கு அடியில் ஒளிந்துகொள்வதில்லை. வெளியே தெரியும்படி, அழகான அழுத்துக்கோட்டோடு வருகிறது. மாடல் ஏ பாடியை 1932 ஃபிரேமில் உட்கார்த்தும் வழக்கம் இதனால்தான் இன்றும் தொடர்கிறது. ஆனால் அந்த வளைவு நெளிவை வீட்டுப் பட்டறையில் அழுத்தி எடுக்க முடியாது. அந்தத் தோற்றம்தான் வேண்டும் என்றால் புதிதாகச் செய்த சட்டங்களை வாங்கிவிடுங்கள்.

பழையதை எடுப்பவர்கள் ரிவெட்டுகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா, இரண்டு தகடுகள் ஒட்டும் இடத்தில் துரு தின்றிருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரேமில் பொறித்த எண்ணும் பதிவுத்தாளில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்களும் இரும்பு வாங்கும் முன்பே பதிவு விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் முறை கட்டுகிறவருக்கு என் சிபாரிசு, நேரான செவ்வகக் குழாய். மாடல் டி, மாடல் ஏ பாடி இரண்டுமே அதில் நன்றாக உட்காரும். 4 அங்குல உயரம், 2 அங்குல அகலம் கொண்ட சாதாரண மைல்ட் ஸ்டீல் போதும். எடை குறைந்த வண்டி, நான்கு சிலிண்டர் என்ஜின் என்றால் 3 மி.மீ. கனம். எட்டு சிலிண்டர் வி8 வைப்பதாக இருந்தால் நான் 4.8 மி.மீ.க்குத்தான் போவேன். துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம். வெல்டிங் சூட்டில் வரும் அந்தப் புகை காய்ச்சலை இழுத்துவிடும், ஒட்டும் கெடும்.

சக்கரத்தை முதலில் நிறுத்துங்கள்

இரும்பை அளந்து வெட்டத்தான் கை பரபரக்கும். அதற்கு முன் நீங்கள் பயன்படுத்தப்போகும் டயர், ரிம், பின் ஆக்ஸில், முன் ஆக்ஸில், என்ஜின், கியர்பாக்ஸ், பாடி எல்லாவற்றையும் கொண்டுவந்து, மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, வண்டி எப்படி நிற்க வேண்டுமோ அப்படித் தரையில் நிறுத்திவிடுங்கள். எஞ்சிய இடத்தில் ஃபிரேம் எப்படிப் போகும் என்று பாருங்கள்.

பின்பக்கம் சட்டம் எவ்வளவு மேலே ஏற வேண்டும் என்பது இதில்தான் தெரியும். ஓர் உதாரணம். டயரின் விட்டம் 28 அங்குலம். எடை ஏறி டயர் சற்று நசுங்கியதும் ஆக்ஸிலின் மையம் தரையிலிருந்து சுமார் 13.5 அங்குலத்தில் இருக்கும். ஆக்ஸில் குழாயின் விட்டம் 3 அங்குலம் என்றால் அதன் மேல்பக்கம் 15 அங்குலம். ஆக்ஸில் மேலே எழும்ப 3 அங்குலம், இடிதாங்கும் ரப்பருக்கு 1 அங்குலம். ஆக, ஆக்ஸிலுக்கு மேல் சட்டத்தின் அடிப்பக்கம் 19 அங்குலத்தில் இருக்க வேண்டும். நடுவில் சட்டத்தின் அடிப்பக்கத்தைத் தரையிலிருந்து 8 அங்குலத்தில் வைத்திருந்தால் 11 அங்குலம் ஏற்றம் தேவை. இந்தக் கணக்கைப் போடாமல் கண்ணளவில் ஏற்றினால், முதல் பள்ளத்திலேயே ஆக்ஸில் ஃபிரேமில் இடிக்கும்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். டயரில் காற்று இறங்கி ரிம் தரையைத் தொட்டாலும், வண்டியின் வேறெந்தப் பாகமும் தரையில் படக்கூடாது. ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே எதுவும் தொங்காமல் இருந்தால் இது சரியாக வரும்.

மேசையும் நடுக்கோடும்

தரையை நம்பாதீர்கள். சிமெண்டுத் தரை பார்வைக்குத்தான் மட்டம். இரண்டு கனமான ஐ-பீம்களையோ பெரிய பாக்ஸ் பைப்புகளையோ போட்டு, அடியில் தகடு வைத்து நான்கு மூலைகளையும் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இதற்கு நான் நம்புவது தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல். நீளமான தூரத்துக்குச் சின்ன ரசமட்டத்தைவிட அது நம்பகமானது. மேசையின் நடுவே முன்னிருந்து பின்வரை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். இனி எல்லா அளவும் அந்த நூலிலிருந்துதான். ஒரு பக்கச் சட்டத்திலிருந்து மறு பக்கத்துக்கு அளந்துகொண்டே போனால் தவறு சேர்ந்துகொண்டே போகும். கடைசிவரை ஒரே டேப்பைப் பயன்படுத்துங்கள். இரண்டு டேப்புகளுக்கிடையே 1 மி.மீ. வித்தியாசம் சாதாரணமாக வரும்.

முன்பக்கம் 2 டிகிரி தாழ்ந்து நிற்கும் வண்டி வேண்டுமென்றால், ஃபிரேமை மேசையில் அதே சாய்வோடு வைத்துக் கட்டுங்கள். நேர் ஆக்ஸிலில் கிங்பின்னின் (முன்சக்கரம் திரும்பும் முளை) மேல்முனை 5 முதல் 7 டிகிரி பின்னோக்கிச் சாய வேண்டும். ஃபிரேமை மட்டமாக வைத்து 6 டிகிரி அமைத்தால், வண்டி சாய்ந்து நின்றதும் அது 4 ஆகிவிடும். ஸ்டீயரிங் நேரே நிற்காமல் அலையும்.

வெட்டுவதும் இணைப்பதும்

பின் ஏற்றத்தில் வரும் மூட்டுகளின் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து, இடையில் சிறு இடைவெளி விட்டு, ஆழம்வரை உருகும்படி ஒட்டுங்கள். மேலே ஒரு தகடும் பொருத்த வேண்டும். அந்தத் தகடு சதுரமாக இருந்தால் அதன் ஒட்டுக்கோடு சட்டத்தின் குறுக்கே நேராக ஓடும், விரிசல் அங்கேதான் தொடங்கும். அதனால் வைர வடிவில் வெட்டுங்கள்.

குழாயின் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் துளை போடாதீர்கள். வளையும்போது இழுப்பும் அழுத்தமும் அங்கேதான் அதிகம். பக்கச்சுவரில் பாதி உயரத்தில் துளைத்தால் பலம் அவ்வளவாகக் குறையாது. போல்ட் குழாயைக் குறுக்கே கடக்கும் இடங்களில் உள்ளே ஒரு சிறு குழாயை வைத்து இரு சுவரோடும் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் நட்டை இறுக்க இறுக்கச் சுவர்கள் உள்ளே ஒடுங்கும், போல்ட் ஒருநாளும் இறுகி நிற்காது.

மாடல் ஏ-யின் சட்டம் ஒரு பக்கம் திறந்த சி சேனல். ஒரு காகிதக் குழலை நீளவாக்கில் கீறிவிட்டு முறுக்கிப் பாருங்கள், சுலபமாகத் திருகும். கீறலை டேப் போட்டு ஒட்டிவிட்டு முறுக்கினால் எதிர்த்து நிற்கும். திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடச் சொல்வது இதற்காகத்தான். பக்கச் சட்டங்களை வெறும் ஏணிபோல இணைத்தால் போதாது. நடுவில் எக்ஸ் வடிவக் குறுக்குச் சட்டம் ஒன்று இருந்தால் முறுக்கை நன்றாகத் தாங்கும். ஃபோர்டே 1933-ல் அந்த வடிவத்துக்கு மாறியது.

முன் அமைப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. இரும்பைச் சூடாக்கி அடித்துச் செய்த ஐ-பீம் ஆக்ஸில் கொஞ்சம் முறுகிக் கொடுக்கும், அதை ஃபிரேமோடு பிடித்து நிறுத்த ஹேர்பின் வகை (கொண்டை ஊசி வடிவ) கம்பிகள் பொருந்தும். குழாய் ஆக்ஸில் முறுகாது. அதற்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கம்பி அமைப்புதான் சரி. மாற்றிப் போட்டால் பிராக்கெட்டுகள் விரிந்து உடையும்.

என்ஜினின் சாய்வையும் பின் ஆக்ஸிலில் சுழற்சியை வாங்கும் பல்சக்கரமான பினியனின் சாய்வையும் இணையாக வையுங்கள். என்ஜினின் வால்பக்கம் 3 டிகிரி கீழே என்றால், பினியனின் மூக்கு 3 டிகிரி மேலே. டிஜிட்டல் கோணமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். சின்னப் பொருள்தான், ஆனால் இதைவிடப் பயன்படும் கருவி என் பெட்டியில் இல்லை.

வெல்டிங் வரிசை

என் முதல் ஃபிரேம் கெட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்து இரும்பையும் இழுக்கும். நான் சட்டத்தின் உள்பக்கத்தில் மூடுதகட்டை வைத்து, ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை ஒரே மூச்சில் ஒட்டினேன். உள்பக்கம் முழுதும் சுருங்கியது, இரு முனைகளும் உள்ளே வளைந்தன, நடு வெளியே பிதுங்கியது. ஒட்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. கவ்வி இருக்கும்வரை எதுவும் தெரியவில்லை.

இரண்டாம் முறை இப்படிச் செய்தேன். நேரான இரு சட்டங்களையும் வெளிப்பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி முதுகோடு முதுகாக வைத்து, ஒவ்வோர் அடி தூரத்துக்கும் ஒரு கவ்வி போட்டேன். மூடுதகட்டை முழுக்கப் புள்ளி ஒட்டுகளால் மட்டும் பிடித்தேன். அப்புறம் ஒரு சட்டத்தில் 40 மி.மீ. ஒட்டு, திருப்பி மற்றதில் அதே இடத்தில் 40 மி.மீ. ஒரு சட்டத்தின் இழுப்பை மற்றது எதிர்த்துக்கொள்ளும். அடுத்த துண்டை நடுவில், அதற்கடுத்ததைக் கோடியில் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். கை வைத்துத் தாங்கும் அளவுக்குச் சூடு இறங்காமல் அடுத்ததைத் தொடவே இல்லை. தண்ணீர் ஊற்றி ஆற்றவும் இல்லை. இரண்டு சட்டங்களுக்கு நான்கு மாலை நேரங்கள் ஆயின.

முழு ஃபிரேமுக்கும் இதே முறைதான். எல்லாக் குறுக்குச் சட்டங்களையும் புள்ளி ஒட்டில் நிறுத்தி, அளந்து, பிறகு மூலைக்கு மூலை மாறி மாறி ஒட்டுங்கள். வலது முன் என்றால் அடுத்தது இடது பின்.

மிக் வெல்டர் (கம்பி தானாக வந்து உருகும் வகை), 0.8 அல்லது 0.9 மி.மீ. கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் 75-க்கு 25 கலந்த வாயு. என் விருப்பம் இதுதான். ஒட்டும் இடத்தில் இரும்பின் கருநீலச் செதிலைப் பளபளவென்று வரும்வரை தேய்த்து எடுங்கள். காந்த மூலைமட்டம் பிடிக்க வசதிதான், ஆனால் ஒட்டும்போது எடுத்துவிடுங்கள். காந்தம் ஆர்க்கை ஒருபக்கம் இழுத்துவிடும்.

இரு பக்கமும் அடைத்த குழாயில் கடைசி ஒட்டைப் போடும்போது, உள்ளே சூடான காற்று உருகிய இரும்பை ஊதித் தள்ளும். அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை விட்டுவையுங்கள். பின்னாளில் தண்ணீர் வடியவும் அதுவே உதவும்.

வாசகர்கள் கேட்டபின் சேர்த்தது

மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக வந்தும் வண்டி ஒரு மூலையில் தூக்கி நிற்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மூலைவிட்டம் மேலிருந்து பார்க்கும் வடிவத்தைத்தான் சொல்லும். ஃபிரேம் முறுகியிருப்பதைச் சொல்லாது. முன்னும் பின்னும் குறுக்கே ஒரு நேரான பட்டையை வைத்து, முன் பட்டையின் மேல்விளிம்பு வழியாகப் பின் பட்டையைப் பாருங்கள். இரண்டு கோடுகளும் இணையாகத் தெரிய வேண்டும். ஒரு முனை ஏறித் தெரிந்தால் முறுக்கு இருக்கிறது. டியூப் லெவலால் நான்கு மூலையையும் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

ஒட்டும்போது சட்டங்கள் அசையாமலிருக்கக் குறுக்கே வைத்த தற்காலிகத் தாங்குகம்பிகளை வெட்டியதும் சட்டங்கள் விரிந்துவிட்டன என்று இன்னொருவர் சொன்னார். எல்லாக் குறுக்குச் சட்டங்களும் முழுதாக ஒட்டி ஆறும்வரை அவற்றை எடுக்கக்கூடாது. எடுப்பதற்கு முன்பும் பின்பும் அளந்து எழுதி வையுங்கள். ஏற்கனவே வளைந்துவிட்ட சட்டத்தை, பிதுங்கிய பக்கத்தில் வி வடிவில் சிவக்கச் சூடாக்கித் தானாக ஆறவிட்டு நேராக்கலாம். அந்தப் பக்கம் சுருங்கி இழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் உருளை) தரைத்தகட்டுக்கு அடியில் ஃபிரேமில் வைப்பவர்கள் பலர் பெடல் ஆழமாகப் போகிறது என்கிறார்கள். சிலிண்டர் சக்கரத்து பிரேக்கைவிடத் தாழ்ந்திருந்தால் எண்ணெய் திரும்பி வடியும். டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை லைனில் தேக்கி வைக்கும் வால்வு போடுங்கள். அதற்கான பிராக்கெட்டை பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். பெயிண்டுக்கு முன், எக்ஸாஸ்ட் குழாய், ஸ்டீயரிங் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார், ஆயில் ஃபில்டர் எல்லாவற்றையும் மாட்டி, ஒருமுறை கழற்றியும் பாருங்கள். என் வண்டியில் ஃபில்டரைத் திருகி எடுக்க இடமில்லாமல், முடித்த குறுக்குச் சட்டம் ஒன்றை மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று.