எழுத்து நகரவில்லையா? இப்போதைக்கு ஒற்றுப் பிழையை மறந்துவிடுங்கள்

சிறுகதையோ, கட்டுரையோ, நாலு பத்தி முகநூல் பதிவோ, எழுத உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்தையே திரும்பத் திரும்ப அழித்து எழுதுகிறவர்களுக்காக இந்தக் குறிப்பு. எழுத விஷயமே கிடைக்கவில்லை என்பவர்களுக்கு இது உதவாது. அது வேறு பிரச்சினை; படிப்பதும் ஊர் சுற்றுவதும்தான் அதற்கு வழி. விஷயம் மண்டைக்குள் ஓடுகிறது, விசைப்பலகையில் கை வைத்ததும் நின்றுவிடுகிறது என்றால் மேலே படியுங்கள். எனக்கு இருந்ததும் இதே வியாதிதான்.

படி 1: தடுப்பது யார்?

எழுதும்போது மனதுக்குள் கேட்கும் கண்டிப்பை ஒரு தாளில் அப்படியே குறித்து வையுங்கள். “இதெல்லாம் ஒரு தொடக்கமா?”, “இதை ஏற்கெனவே பத்துப் பேர் எழுதிட்டாங்க”, “இங்கே ‘ப்’ வருமா, வராதா?” இந்த மாதிரி. கொஞ்சம் சேர்ந்ததும் பாருங்கள். சிலது தரத்தைப் பற்றிய பயம், சிலது விதியைப் பற்றிய பயம். எழுத்துத் தடை என்றதும் எல்லோரும் முதல் வகையைத்தான் பேசுகிறார்கள். ஆளை உட்கார விடாமல் செய்வது இரண்டாவது வகை என்பது என் கட்சி.

இதற்கு ஆதாரமும் உண்டு. மைக் ரோஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1980இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக மாணவர்கள் 10 பேரை வைத்து ஓர் ஆய்வு எழுதினார். 5 பேர் எழுத்தில் திணறுகிறவர்கள், 5 பேர் சரளமாக எழுதுகிறவர்கள். திணறியவர்களைத் தடுத்தது அவர்கள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்த விதிகளும் வளைந்துகொடுக்காத திட்டங்களும்தான் என்று அவர் கண்டார். அதில் ஒரு மாணவி, எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையிலேயே இலக்கணச் சுத்தமாக வர வேண்டும் என்று நம்பினாள். ஆங்கிலத்தில் எழுதிய பெண்ணுக்கே அந்தக் கதி. வல்லினம் மிகும் இடம், மிகா இடம், ல-ள-ழ, ர-ற, ன-ண எல்லாவற்றையும் பிரம்புக்குப் பயந்து படித்த நம் நிலைமையைக் கேட்கவே வேண்டாம்.

படி 2: பத்து நிமிடம், கை நிற்கக் கூடாது

கடிகாரத்தில் பத்து நிமிடம் வைத்துக்கொண்டு கையை நிறுத்தாமல் எழுதுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் “ஒண்ணும் தோணல, ஒண்ணும் தோணல” என்றே எழுதிக்கொண்டிருங்கள், தானாக வேறு ஏதாவது வரும். பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இலேயே விரிவாக எழுதிப் பரப்பிய முறை இது. வந்ததில் முக்கால்வாசி குப்பைதான். கவலைப்படாதீர்கள், யாருக்கும் காட்டப் போவதில்லை.

படி 3: பேச்சுத் தமிழில் முதல் வரைவு

எனக்கு அதிக நாள் பிடித்தது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

“தப்பைப் பற்றிக் கவலைப்படாமல் எழுது” என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எழுத்துத் தமிழில் எழுதிக்கொண்டே அது முடியாது. “கதையை” என்று அடித்த அடுத்த நொடியே கண் தானாக ஒற்றெழுத்தைத் தேடும். பள்ளியில் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துப் பழக்கிய கண் அது. ஆகவே சுழிக்கவே முடியாத மொழியில் எழுதிவிடுங்கள். வீட்டில் பேசுகிற மாதிரியே:

“ஆத்தா செத்த அன்னிக்கி யாருமே அழல. அழறதுக்கு எங்க நேரம். சாமியானாக்காரன் வந்து நிக்கிறான், அட்வான்ஸ் குடுன்னு. சித்தப்பா சட்டப் பையத் தடவுறாரு.”

இதைத் தமிழாசிரியரிடம் காட்டினால் வரிக்கு வரி தப்பு. எல்லாமே தப்பு என்கிறபோது எதைச் சுழிப்பது? உள்ளே இருக்கும் விமர்சகருக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. மறுநாள் இது இப்படி மாறும்:

“ஆத்தா இறந்த அன்று யாருமே அழவில்லை. அழுவதற்கு எங்கே நேரம்? அட்வான்ஸ் கேட்டு சாமியானாக்காரன் வந்து நின்றான். சித்தப்பா சட்டைப் பையைத் தடவினார்.”

எழுத்துத் தமிழில் தொடங்கியிருந்தால் “ஆத்தாவின் மறைவு குடும்பத்தில்” என்று ஆரம்பித்து அங்கேயே மாட்டியிருப்பேன். சில இடங்களில் பேச்சு வடிவமே நன்றாக இருக்கும், அப்படியே விடலாம். கி. ராஜநாராயணன் கரிசல் மக்கள் பேசுகிற மொழியிலேயே எழுதினார். 1991இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார்.

சந்தேகம் வருகிற இடத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஊர்ப் பெயர், வருடம், சரியான சொல் எதுவானாலும் “??”தான். முக்கியமாக, அதைத் தேட உலாவியைத் திறக்காதீர்கள். திறந்தால் அன்றைக்கு எழுத்து முடிந்தது.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவைக்கும் முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் நாலைந்து பரிந்துரை வந்து நிற்கும். ‘மனம்’ வேண்டுமா ‘மணம்’ வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் விமர்சகரைக் கூப்பிட்டு நாற்காலி போடுகிற வேலை அது. தமிழ்99 விசைப்பலகை இதற்கு எவ்வளவோ மேல். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதில் தானாகப் புள்ளி விழும், கை வேகமாக ஓடும். ஆனால் அதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் எழுதுவேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அதுவரை நோட்டும் பேனாவும் போதும்.

படி 4: திருத்தம் மறுநாள்

அன்றே திருத்த வேண்டாம். மறுநாள் முதலில் எது தேவை, எது வேண்டாம் என்று பத்திகளைப் பாருங்கள். அடுத்து வாக்கியம். ஒற்று கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு. வெட்டப்போகிற பத்திக்கு ஒற்றுப் பார்த்து என்ன பயன்?

அடிக்கடி வருகிற சில இடங்களைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும். ஐ, கு உருபுகளுக்குப் பின் மிகும்: கதையைப் படித்தேன், வீட்டுக்குப் போனேன். அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின்னும் மிகும். ‘ஒரு’வுக்குப் பின் மிகாது. “என்று சொன்னான்” என்பதிலும் மிகாது. சுடுசோறு, ஊறுகாய் போன்ற வினைத்தொகையிலும் மிகாது. மீதிக்கு, நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்ட நிரலாளர் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியும் நாவி சந்திப்பிழை திருத்தியும் இருக்கின்றன. அவை சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். வட்டாரச் சொற்களைப் பிழை என்று காட்டலாம்.

படி 5: பாதியில் எழுந்துவிடுங்கள்

அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்துங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொன்ன யோசனை. மறுநாள் வெற்றுத் தாளைப் பார்த்து முழிக்க வேண்டியிருக்காது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் சிலர், “எனக்குப் பேச்சுத் தமிழில் எழுதினால்தான் கை ஓட மாட்டேன் என்கிறது” என்றார்கள். பேசுவதை எழுத்தில் பார்த்துப் பழகாதவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அவர்கள் கைபேசியில் ஒரு நண்பருக்கு அனுப்புகிற மாதிரி குரல்பதிவு செய்து, அதைக் கேட்டு எழுதிப் பார்க்கலாம். குரலை நேரடியாக எழுத்தாக்கும் வசதியை இதற்கு நான் சொல்ல மாட்டேன். கொச்சையாகப் பேசினால் அது கண்டபடி எழுதிவைக்கும், நீங்கள் பாதியில் நிறுத்தி அதைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: அலுவலகக் கடிதத்துக்கும் இது ஆகுமா என்று கேட்டிருந்தார்கள். ஆகும். “சார், லீவு வேணும், தங்கச்சி கல்யாணம், வர்ற வெள்ளிலேருந்து மூணு நாள்” என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். “மேற்படி பொருள் தொடர்பாக” எல்லாம் அப்புறம் மேலே ஒட்டிக்கொள்ளலாம்.