புயலுக்கு உதவப் போய் நாங்கள் செய்த தப்புகள்

கஜா கரையேறியது 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறி, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று மேற்கே போகப் போக தென்னையையும் மின்கம்பத்தையும் சாய்த்துக்கொண்டே போனது. எனக்கு ஊர் பேராவூரணிப் பக்கம், வேலை சென்னையில். மூன்றாம் நாளே நண்பர்களோடு ஒரு மினி லாரி பிடித்துக் கிளம்பிவிட்டோம். நல்ல எண்ணத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, ஆனால் அந்த ஒரு பயணத்தில் எத்தனை தப்பு செய்ய முடியுமோ அத்தனையும் செய்தோம். அப்புறம் நாலைந்து மாதம் போய்வந்ததில்தான் கொஞ்சம் புரிந்தது.

முதல் தப்பு, பழைய துணி. 2004 சுனாமிக்கு நாகையில் ரோட்டோரமெல்லாம் பழைய துணி மலைபோல் குவிந்து, மழையில் நனைந்து நாறிக் கிடந்ததைப் பார்த்த தலைமுறைதான் நாம். பதினாலு வருடம் கழித்து அதே மூட்டையைத்தான் நாங்களும் கட்டினோம். பள்ளிக்கூட வராந்தாவில் பிரித்தபோது, பித்தான் அறுந்த சட்டைகள், ஒற்றைக் கால் ஷூ, கல்யாண வரவேற்புக்குப் போட்ட கோட்டு ஒன்று சலவைக்கடைச் சீட்டோடு. அங்கே இருந்த ஒரு அம்மா அந்தக் கோட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார், கோபமே இல்லாமல். அவர்களுக்கு வேண்டியிருந்தது உள்பாவாடை, நைட்டி, கைலி, துண்டு, நாப்கின். எல்லாமே புதிதாக வாங்க வேண்டியவை. மற்றவர் போட்ட உள்ளாடையை யார் போடுவார்கள்? இதை யோசிக்க ஒரு நிமிடம் ஆகாது, ஆனால் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு, மெயின் ரோட்டிலேயே வண்டியைக் காலி செய்தது. கஜா சமயத்தில் அந்தப் பக்கம் போன எல்லாருக்கும் இது தெரியும்: ஊருக்கு ஊர் மரத்தைக் குறுக்கே போட்டு மறியல் நடக்கும், ஜனங்கள் வண்டியைச் சூழ்ந்துகொள்வார்கள், பயந்துபோய் மேலே நின்றுகொண்டு பொட்டலத்தை எறிய ஆரம்பித்துவிடுவோம். இளவட்டம் நாலு பேருக்கு நாலு நாலு கிடைக்கும், கைக்குழந்தைக்காரிக்கு ஒன்றும் கிடைக்காது. ரோட்டோர ஊருக்கு ஐந்து லாரி வந்து நிற்கும்போது, உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு ஒரு மெழுகுவத்திகூடப் போயிருக்காது.

சரி, உள்ளே போய்விட்டோம் என்றே வையுங்கள், ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் இறக்கினால் முடிந்ததா? முடியாது. ஊர் என்று அவர் சொல்வதில் காலனித் தெரு பல இடங்களில் சேராது. மறைக்க ஒன்றுமில்லை, சுனாமியிலும் இது நடந்தது, கஜாவிலும் நடந்தது. நாங்கள் கடைசியில் பழகிக்கொண்ட வழி இதுதான்: முதல் நாள் ஒருவர் மட்டும் பைக்கில் வெறுங்கையோடு போவார். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்பார், மகளிர் குழுப் பெண்களிடம் தனியாகக் கேட்பார், காலனிக்குப் போய் அங்கேயும் கேட்பார். மூன்று பேர் சொல்வதும் மூன்று விதமாக இருக்கும், அதிலிருந்துதான் உண்மையைப் பொறுக்க வேண்டும். ரேஷன் அட்டையைப் பார்த்து வீட்டுக்கு ஒரு டோக்கன், மறுநாள் சாமான். ஊரின் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து முன்னால் வர வேண்டும், அப்போதுதான் பற்றாக்குறை வந்தாலும் அது ரோட்டோரத்தில் வரும். செல்ஃபி வேண்டவே வேண்டாம். பொட்டலத்தைக் கையில் கொடுத்துக் கேமராவைப் பார்க்கச் சொல்வதை நானும் இரண்டு தடவை செய்தேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சென்னையில் சமைத்து எடுத்துப்போன சாம்பார் சாதம் திண்டிவனம் தாண்டும்போதே ஊசிவிட்டது என்பதைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறேன். ரொட்டியும் பிஸ்கட்டும் முதல் இரண்டு நாளுக்குச் சரி. அப்புறம் குடும்பம் தானே உலை வைக்கத்தான் பார்க்கும். அதற்கு நனையாத விறகோ அடுப்போ வேண்டும், தண்ணீர் வேண்டும். ஒரு லட்சத்துக்கும் மேலே மின்கம்பம் விழுந்த புயல் அது. கரண்ட் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது. ஆயிரம் தண்ணீர் பாட்டில் கொண்டுபோவதைவிட ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, ஊர் ஊராகப் போய்த் தொட்டியை நிரப்பியது எவ்வளவோ மேல். ஆனால் ஜெனரேட்டரிலும் ஒரு வினை இருக்கிறது. மெயினை அணைக்காமல் வீட்டு வயரிங்கில் நேராகக் கொடுத்தால் மின்சாரம் வெளியே லைனுக்கு ஏறிவிடும். வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் வந்து கம்பம் நட்டுக்கொண்டிருக்கிற லைன்மேன், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கையை வைப்பார். ஆகவே எலக்ட்ரீஷியன் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

சாமானையும் சென்னையிலிருந்து ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். பட்டுக்கோட்டை மளிகைக்கடைக்காரருக்கும் கூரை பறந்துதான் இருந்தது. அவர் ஷட்டரைத் தூக்கியபிறகும் நாங்கள் இலவச அரிசியாகக் கொண்டு இறக்கினால் அவரிடம் யார் வாங்குவார்கள்? பணத்தோடு போய் அவரிடமே வாங்கிக் கொடுங்கள். லாரி வாடகையும் மிச்சம்.

இனி தென்னை. ஏக்கருக்கு எழுபது மரம், இருபத்தைந்தடிக்கு ஒன்று, நெட்டை ரகம் காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும். அது ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. மரம் அறுக்கும் மெஷினோடு கிளம்பிய நல்ல பிள்ளைகள் நிறைய. அவர்கள் செய்த தப்பு, கணக்கெடுப்பு முடிவதற்கு முன்பே தோப்பைச் சுத்தம் செய்தது. விழுந்த மரத்துக்கு அரசு கொடுத்தது மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். எண்ணிப் பதிவதற்கு முன் மரம் போய்விட்டால் எதைக் காட்டிக் கேட்பது? எனவே முதலில் எண்ணுங்கள், மரத்துக்கு நம்பர் போட்டுப் போட்டோ எடுங்கள், அப்புறம் அறுங்கள். அதிலும் பழக்கமில்லாதவர் அறுக்கவே கூடாது. பாதி சாய்ந்து இன்னொரு மரத்தில் முட்டுக்கொடுத்து நிற்கிற மரம் அறுத்த கணத்தில் எந்தப் பக்கம் துள்ளும் என்று தோப்புக்காரருக்கே தெரியாது.

அறுத்ததை அப்படியே ஓரத்தில் அடுக்கிவிட்டு வருவது அடுத்த தப்பு. மட்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. எங்கள் சித்தப்பா தோப்பில் நாலு மாதம் கழித்து ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தோம், உள்ளே மாவாக உதிர்ந்து கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு சுருண்டு கிடந்தன. அதுதான் வண்டாகி, தப்பிப் பிழைத்த மரத்தின் குருத்தையும் நாம் அன்பாகக் கொடுத்த கன்றையும் குடையும். அந்த ஓட்டையில் சிவப்புக் கூன் வண்டு முட்டையிடும், அப்புறம் மரத்தை மறந்துவிட வேண்டியதுதான். தண்டை அப்புறப்படுத்தவும், முடியாததைத் தூளாக்கவும் பணம் கொடுங்கள், கன்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். கன்று கொடுப்பதானாலும் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தண்ணீர் இல்லாமல் சித்திரை வெயிலில் கருகிய கன்றுகளை நான் பார்த்திருக்கிறேன்.

தோப்புக்காரருக்காவது பட்டா இருக்கிறது. குத்தகைக்காரருக்கு இல்லை. மரமேறுகிறவர், காய் உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள், இவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் வராது. மகளிர் குழுக் கடனுக்கு வசூல்காரர் மட்டும் தேதி தவறாமல் வந்துவிடுவார். இரண்டாம் மாதம் போனபோது நாங்கள் செய்த உருப்படியான வேலை என்றால், நனைந்து போன சான்றிதழ், ரேஷன் அட்டை, ஆதாருக்கு மனு எழுதிக் கொடுத்ததும், வசூலுக்கு வந்தவரிடம் தவணை தள்ளிவைக்கச் சொல்லி நின்று பேசியதும்தான். அதற்குள் லாரிகள் எல்லாம் நின்றுபோயிருந்தன.

மார்ச்சில் கிளம்பும்போதுதான் முதல் தடவையாக, என்ன வேண்டும் என்று போன் போட்டுக் கேட்டேன். சித்தி சொன்னார், “அரிசி பருப்பெல்லாம் வேணாம்ப்பா. எங்கேயாவது தென்னை மட்டை கிடைச்சா ஒரு வண்டி கொண்டா.” தென்னங்காட்டு ஊரில் மட்டை இல்லை. விழுந்த மரத்து மட்டையெல்லாம் ஆரம்பத்திலேயே கூரைக்கும் அடுப்புக்கும் தீர்ந்துவிட்டிருந்தது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு லோடு வாங்கி இறக்கினோம், முடைந்த கீற்றாக இல்லை, மட்டையாகவே. அன்று சாயங்காலமே கிழித்துக் குளத்தில் ஊறப்போட்டு, மறுநாள் காலையில் ஒன்பது பெண்கள் முடைய உட்கார்ந்துவிட்டார்கள். கூலியை மட்டும் நாங்கள் கொடுத்தோம்.