"இன்னும் சுகம் கிடைக்கவில்லையா?" – நோயாளியிடம் நாம் செய்யக்கூடாதவை

என் அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்ப் பதினான்கு வருஷமாகிறது. வெள்ளவத்தையில் எங்கள் நாலாம் மாடி வீட்டுக்குச் சுகம் விசாரிக்க வருகிறவர்கள் தோடம்பழமும் பால்மா டின்னும் கொண்டுவருவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன பிள்ளை, இன்னும் சுகம் கிடைக்கவில்லையா?" என்பார்கள். அவர்களுக்கு அது அக்கறை. அக்காவுக்கோ மறுபடியும் பெயில் என்று ரிசல்ட் வந்த மாதிரி.

அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தேடல் இருக்கும்: யார் குற்றம்? நம் ஊரில் இதற்குப் பழைய சொற்கள் உண்டு. வினைப்பயன், கண்ணூறு, செய்வினை. ஞானஸ்நானம் எடுத்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டோம் என்கிறோம். ஆனால் 'மறைவான பாவம்', 'பரம்பரைச் சாபம்' என்று அதே கணக்கை வேறு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு. யோவான் 9ஆம் அதிகாரத்தின் இந்தப் பகுதியைப் பிரசங்கித்துவிட்டு, வாசலில் வைத்து எங்கள் அம்மாவிடம் "குடும்பத்தில் யாராவது மாந்திரீகம் செய்தவர்களா?" என்று விசாரித்தவரும் உண்டு.

அடுத்தது விசுவாசத்துக்கு அளவுகோல் வைப்பது. எபேசுவில் அப்போஸ்தலன் பவுலின் உறுமாலைக் கொண்டுபோய்ப் போட்டாலே நோய் நீங்கியது என்கிறது அப்போஸ்தலர் 19. அதே பவுல், எபேசியனான துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாகத் தன் உடனூழியன் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்தத் தீமோத்தேயுவுக்கும் வயிற்றுக் கோளாறு. பவுல் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். பவுலே தன் உடலில் இருந்த 'முள்' என்று சொன்ன வேதனைக்காக மூன்று தரம் வேண்டியும் கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான். இவர்களில் யாருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்வோம்? மாற்கு 2இல் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் கதையைப் பாருங்கள். இயேசு கண்டது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. ஆக, அளந்தே தீருவேன் என்றால் சுமந்து வந்த நம்மையும் அளக்க வேண்டிவரும்.

மேடைக்கு வருகிறேன். ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் இரண்டு பேர் அக்காவைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்தினார்கள். ஆம், நானும் கைதட்டினேன். பிடியை விட்டார்கள், விழுந்தாள். வருஷக்கணக்கில் உடலின் பாரத்தைத் தாங்காத கால் எலும்பு மெலிந்துபோயிருக்கும். சின்ன விழுகைக்கே முறியும். உணர்வில்லாததால் வலியும் தெரியாது. அன்றிரவு கால் வீங்கிய பிறகுதான் முறிவென்று எங்களுக்குத் தெரிந்தது. மேடையில் அதற்குள் அடுத்தவர் சாட்சி சொல்லத் தொடங்கியிருந்தார். ஒருவரைத் தூக்குமுன், தொடுமுன், அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இன்னொன்றில் எனக்குக் கோபமே வரும். சுகமாகிவிட்டதாக நம்பிக் குளிசையை நிறுத்தச் சொல்வது. வலிப்புக் குளிசையைத் திடீரென்று விட்டால், நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். முதலாம் வகை நீரிழிவில் உடம்பு இன்சுலினை ஏறக்குறைய சுரப்பதே இல்லை. ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தம் அமிலமாகிவிடும். குஷ்டம் நீங்கியவர்களைக்கூட இயேசு ஆசாரியரிடம் போய்க் காட்டச் சொன்னார். அந்தக் காலத்துக் கிளினிக் அதுதானே! சுகம் உண்மையானால் டொக்டர் சோதித்துப் பார்த்துக் குளிசையைக் குறைக்கட்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "இது உனக்குத் தந்த சிலுவை, சுமந்துகொள்" என்று ஜெபத்தையே முடித்துவைப்பது. இல்லாவிட்டால், 1931இல் விழுந்து 1951இல் இறக்கும்வரை படுக்கையிலிருந்தே எழுதிய, தமிழ்நாட்டு டோனாவூரின் மிஷனரி எமி கார்மைக்கேலை உதாரணம் காட்டுவது. நல்ல உதாரணந்தான். ஆனால் முதுகுப் புண்ணோடு தூங்காமல் கிடப்பவளிடம் "அவவைப் பார்" என்றால், அதுவும் ஒரு பரீட்சைதான்.

கோயிலின் படிக்கட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பொது இடங்களுக்குள் போகும் உரிமையைச் சொல்கிறது. சாய்தளம் கட்ட அதற்குமேல் வெளிப்பாடு எதுவும் தேவையில்லை.

நாங்கள் மெதடிஸ்ட் ஆட்கள். ஆனாலும் செவ்வாய்க்கிழமையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போக அக்காவுக்கு விருப்பம். எல்லாச் சமயத்தவரும் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள், ஒருவரும் கேள்வி கேட்பதில்லை என்பாள். வேதாகமத்தில் எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

போன கிழமை சபையிலிருந்து வந்த ஒரு தம்பி, "அக்கா, இன்றைக்கு எதற்காக ஜெபிக்க?" என்று கேட்டான். அக்கா சிரித்துவிட்டாள். "லிப்ட் திருத்த ஆள் வரவேணும் தம்பி. திங்கட்கிழமை கிளினிக்." அவன் கண்ணை மூடி அதற்காகவே ஜெபித்தான். பிறகு நாலு மாடியும் இறங்கிப்போய், காவலாளியிடம் லிப்ட்காரனின் நம்பரைக் கேட்டான்.