கைலியைக் கடித்த சிப்பிப்பாறை: என் அனுபவம்

மண்டபம் ஊரில் எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு 9 மாதம் ஆனதும் ஆள்மேல் பாய்ந்து கைலியைக் கடித்து இழுக்கத் தொடங்கினான். மூன்று கைலி கிழிந்தது. அதட்டினேன், முழங்காலால் தள்ளினேன்; விளையாட்டென்று நினைத்து இன்னும் குதித்தான். கடற்கரையில் ஓடவிட்டுக் களைக்க வைக்கலாமென்றால், ஒரு வாரத்தில் தெம்புதான் கூடியது.

பிறகுதான் கவனித்தேன்: வீட்டுக்குள் கடிப்பதில்லை, பேன்ட் போட்டவரைத் தொடுவதில்லை. ஆடிக்காற்றில் கைலி நுனி படபடக்கும்போது மட்டும் காது விறைத்து, கண் அங்கேயே நிலைக்கும். முயலை விரட்டிப் பிடிக்கும் இனம். அசைவதைத் துரத்துவது ரத்தத்திலேயே இருக்கிறது.

கொடியில் பழைய கைலியைக் கட்டிப் பறக்கவிட்டு, அவனை இருபதடி தள்ளி நிறுத்தினேன். துணியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிய நொடியே உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீன் துண்டு ஒன்று. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். பாயத் தயாரானால் இன்னும் பின்னால் போய்விடுவேன். தினம் 5 நிமிடம்தான். அதுவரை கைலியை மடித்துக் கட்டியே நடந்தேன்.

12ஆம் நாள் கொடிக்கு அடியிலேயே உட்கார்ந்தான். நேற்று கைலியை இறக்கிவிட்டுப் பாம்பன் பக்கம் நடந்தேன். நுனி அவன் மூக்கில் அடித்தது. என் முகத்தைத்தான் பார்த்தான். அப்பாடா!