கறுத்த நகமும் ஒன்பதாம் நம்பரும்

ஓடத் தொடங்கி மூன்றாவது வாரம், வலது பெருவிரல் நகம் நாவற்பழம் மாதிரிக் கறுத்துவிட்டது. மட்டக்களப்பில் 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தால் போய், கடற்கரையைத் தொட்டுத் திரும்புவேன். பெரிய தூரமில்லை. அதற்கே இந்தக் கோலம்.

பிழை என்னுடையதுதான். பள்ளிக்கூடக் காலத்து எட்டாம் நம்பரையே இன்னும் நம்பிக்கொண்டு, காலை வேளையில், மேசும் (காலுறையும்) போடாமல், கதிரையில் இருந்தபடியே ஓடுவதற்கான சப்பாத்தைப் போட்டுப் பார்த்து வாங்கினேன். "போடப் போட இளகும் தம்பி" என்றார் கடைக்காரர். தோல் செருப்பு இளகும், சரி. சப்பாத்தின் நீளம் எங்கே வளரப்போகிறது?

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. பின்னேரம் ஓடி முடித்து, கால் சற்று வீங்கியிருக்கும் நேரம், பழைய கலண்டர் தாளில் ஏறி நின்றேன். பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றிக் கோடு இழுத்தது தங்கச்சி. நானே குனிந்தால் பாரம் மாறி அளவும் மாறிவிடும். பார்த்தால், வலது கால் இடதைவிட 4 மில்லிமீற்றர் நீளம்! இத்தனை வருசம் தெரியாது. அந்தத் தாளோடு போய், ஓடும்போது போடும் மேசோடு, பெரிய காலுக்கே பார்த்தேன். எழுந்து நின்றால், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். ஒன்பதில்தான் அது கிடைத்தது.

குதி மட்டும் கொஞ்சம் கழன்றது. சப்பாத்தில் யாரும் தொடாத அந்த மேல் ஓட்டையில் லேஸ் கயிற்றை அதே பக்கமாகவே கோத்து வளையமாக்கி, எதிர்ப்பக்க நுனியை அதற்குள் விட்டு இறுக்கினேன். அப்புறம் கழலவில்லை. நகத்தின் அடியில் இப்போது வெள்ளை தெரிகிறது.